பின்னுக்குப் போகக்கூடாத வண்டி

கஜிதானி தெய்சோ பல வருடம் ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஹிரோஷிமாவில் எங்கள் தொழிற்சாலையின் கடைசிக் கொட்டகையில் ரோட்டரி எஞ்சின்களை மேடையில் பூட்டி இரவு பகலாக ஓடவிடுவார்கள். அவை எப்போது கெடுகின்றன என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடி அடித்துக்கொண்டிருக்கும். இதில் அது கிடையாது. இடுப்பு சிறுத்த ஓர் அறைக்குள் வயிறு உப்பிய முக்கோணம் சுழலும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, ஆட்டமே இல்லை. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைகள். அவை சுவரை உரசிக்கொண்டே வாயு கசியாமல் அடைத்து நிற்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பட்டைகள் சுவரை அலை அலையாகக் கீறிவைத்தன. பேய் நகம் என்று அதற்குப் பெயர். கஜிதானி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, கொட்டகை வாசலில் நின்றபடியே, மூன்றாவது மேடையில் நகம் விழுந்துவிட்டது என்று சொல்லுவார். பெரும்பாலும் விழுந்திருக்கும்.

எழுபத்து மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் பெட்ரோல் விலை ஏறியது. ரோட்டரி அதிகம் குடிக்கும். அதுவரை அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் அதை மட்டுமே சொன்னார்கள். விற்காத வண்டிகள் ஆற்றோர மைதானத்தில் வரிசையாக நின்றன. நான் பெயின்ட் அடித்த வண்டிகள்தான். மழை பெய்யும்போது அவற்றைப் பார்க்காமல் நடப்பேன்.

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பதிலாகப் பட்டறை ஆட்களை ஊர் ஊராக விற்பனைக்கு அனுப்பினார்கள். கஜிதானியும் நானும் மலைக்கு அந்தப் பக்கம், மாட்சுவே ஊரில் எங்கள் வண்டி விற்கும் கடையில் வந்து விழுந்தோம். மார்ச் முடிவதற்குள் ஒரு வண்டியாவது விற்றவன் பழைய இடத்துக்குத் திரும்பலாம். விற்காதவன் அந்தக் கடையிலேயே நிரந்தரம்.

கஜிதானிக்குத் திரும்பியாக வேண்டும். அவர் கிளம்பிய அன்று ஐந்தாவது மேடையில் புதுப் பட்டை பூட்டிய எஞ்சின் ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. அதைப் பிரிக்க ஏப்ரல் ஆகும்.

"அதைத் தெறக்கறப்ப நான் அங்க இருக்கணும், மொரிவாகி. வேற ஒண்ணும் வேணாம்" என்று முதல் ராத்திரியே என்னிடம் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் கோட்டு மாட்டும்போது முகத்தில் அதுதான் இருக்கும்.

நான் மனைவியின் சொந்தக்காரர்களைப் பிடித்து இரண்டு வண்டி தள்ளிவிட்டேன். கஜிதானிக்கு ஒன்றும் அமையவில்லை. ஒரு வீட்டுப் படியேறினால் முதலில் குறைகளைச் சொல்லுவார். பெட்ரோல் இவ்வளவு குடிக்கும், ஆயிலையும் கொஞ்சம் எரிக்கும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். பிறகுதான் அதன் ஓட்டத்தைப் பற்றி ஆரம்பிப்பார். அதற்குள் வீட்டுக்காரர்கள் தேநீர் ஊற்றிக்கொடுத்து, தூரத்திலிருந்து வந்ததற்கு நன்றி சொல்லி, வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பிவிடுவார்கள்.

கடை மேலாளர் இஷிதொபி ஒருநாள் எல்லோர் முன்னிலும் கேட்டார். "கஜிதானி-சான், நீங்க வண்டி விக்கப் போறீங்களா, இல்ல வாங்காதீங்கன்னு சொல்லிட்டு வரப் போறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். கஜிதானியும் சிரித்தார். அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை.

பிப்ரவரியில் நிஷிகோரி வந்தார். மலைக்கிராமம் ஒன்றில் சோயா சாஸ் காய்ச்சும் குடும்பம். பருத்த மனிதர், ஈரமான சிரிப்பு. கஜிதானி வண்டியின் மூடியைத் திறந்து, ஓடுகிற எஞ்சின்மேல் ஒரு பத்து யென் காசை விளிம்பில் நிறுத்திவைத்தார். காசு அசையவில்லை. நிஷிகோரி குனிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மக இதுலதான் போகணும். தலை அலங்காரத்துல ஒரு மயிர் அசையக் கூடாது" என்றார்.

மாதக் கடைசி ஞாயிறு நல்ல நாள், மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மலை தாண்டிக் கடலோரத்தில். அன்று வண்டி வந்து பெண்ணை ஏற்றிக்கொண்டு போகட்டும், மாலையே வண்டி வாங்கும் பத்திரத்தில் முத்திரை குத்திவிடுகிறேன் என்றார். கஜிதானி வழக்கம்போலக் குறைகளையெல்லாம் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பினால் சூடேறும்வரை அணைக்கக் கூடாது. ஒரு பாய் நீளம் நகர்த்துவதற்காகக் கிளப்பினாலும் அப்படித்தான். உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, பட்டை முனையில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அடைப்பு விட்டுப்போகும். அப்புறம் கிளம்பாது.

நிஷிகோரி சிரித்தார். "எங்க அம்மா மாதிரிதான். எழுப்பினா எழுப்பினதுதான், திரும்பப் படுன்னு சொன்னா வீடு ரெண்டாயிடும்."

அன்று இரவு கஜிதானி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

முந்தின நாள் சாயங்காலமே இருவரும் போய்விட்டோம். வண்டியை அவர்களுடைய பீப்பாய்க் கொட்டகைக்குள் நிறுத்தினோம். இரவில் பனி விழுந்தது. காலையில் கஜிதானி எஞ்சினைக் கிளப்பி, மெதுவாக முற்றத்தைத் தாண்டி, வாயிலுக்கு வெளியே சாலையில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாலை முன்னால் மேடேறிப் போகிறது. பின்னால் ஆற்றை நோக்கி இறங்குகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கை சாவிமேல் படக்கூட விடவில்லை அவர்.

ஊர் முழுக்க வாயிலில் கூடியிருந்தது. பெண் ஹருயோ வெள்ளை உடையில், வெள்ளை முக்காட்டில், கல்யாணம் பேசி முடித்த அம்மாளின் கையைப் பிடித்தபடி அடி அடியாக வந்தாள். அக்கம்பக்கத்தார் முன் நின்று ஒவ்வொருவருக்கும் குனிந்து விடைபெறத் தொடங்கினாள்.

குளிரில் எஞ்சின் புகைத்தது. ஆயில் எரியும் நீலப் புகை. காற்று இல்லாததால் அது அப்படியே பின்னால் தங்கி, கூட்டத்தின் கால்களைச் சுற்றி, பெண்ணின் உடைக்கு ஏறியது. ஒரு கிழவர் இருமினார். யாரோ கைக்குட்டையால் மூக்கை மூடி, மூடியதற்கு வெட்கப்பட்டு உடனே எடுத்துவிட்டார்கள்.  அந்த அம்மாள் மட்டும் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்து, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்பதுபோல லேசாகத் தலை சாய்த்து, பெண்ணின் முக்காட்டைத் தன் கையால் மறைத்தாள்.

கஜிதானி கண்ணாடியில் அதைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. அவரும் கண்ணாடியைப் பார்த்தே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். குனிந்தபடியே சாவியைத் திருப்பி அணைத்தார்.

சத்தம் நின்றது. புகை மெல்ல விலகியது. கூட்டம் நன்றியோடு எங்களைப் பார்த்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் ஏறி அமர்ந்தாள். எல்லோரும் குனிந்தார்கள். கஜிதானி சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. வழக்கத்தைவிட வேகமாக, எதையும் பிடிக்காமல், வெறுமையாகச் சுற்றியது. அந்தச் சத்தம் என்ன என்று அவருக்குத் தெரியும். இருந்தும் திரும்பத் திரும்பச் சுற்றினார்.

குனிந்தவர்கள் நிமிர்வதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

நிஷிகோரி ஜன்னலருகே வந்தார். "என்ன பண்ணணும்? சொல்லுங்க."

"பின்னால இறக்கத்துல உருட்டிவிட்டு கியர் போட்டா உயிர் வந்துடும். பத்து அடி போதும்" என்றார் கஜிதானி.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கல்யாணப் பெண் ஏறிய வண்டி பின்னுக்குப் போகக் கூடாது. எதிரே லாரி வந்தால் லாரிதான் விலகும். இடித்தாலும் முன்னால்தான் போக வேண்டும். பின்னுக்குப் போனால் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

நிஷிகோரி வாயிலையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்ணை இறக்கினால்? ஏறிய பெண் இறங்கி வாசலில் நிற்பதா? அதையும் யாரும் கேட்கவில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். கருவிப்பெட்டி பெண் காலடியில், அவளுடைய உடை மடிப்புகளுக்குக் கீழே இருந்தது.

மேட்டு உச்சிவரை தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் இறக்கம். கறுப்புப் பட்டு உடுத்திய பெரியவர்கள் உடையின் தொங்கும் கைகளை இழுத்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். வைக்கோல் செருப்புகள் பனியில் வழுக்கின. மேட்டில் வண்டி ஒரு முழம் ஏறும், நிற்கும். பின்னால் நழுவிவிடாமல் ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டே வந்தார். உள்ளே ஹருயோ நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை அலங்காரத்தில் ஒரு மயிர் அசையவில்லை.

பாதி மேட்டில் எல்லோருக்கும் மூச்சு போய்விட்டது. அப்போது மேலேயிருந்து மீன்காரர் ஃபுகுமாவின் டீசல் லாரி இறங்கி வந்தது. நின்று பார்த்தார். விஷயம் புரிந்ததும் வயலுக்குள் இறக்கி, வளைத்து, லாரியை எங்கள் வண்டிக்கு முன்னால், மேட்டைப் பார்த்து நிறுத்தினார்.

"நிஷிகோரி-சான், என் வண்டில நாத்தம் இருக்கு. அடம் கிடையாது" என்றார்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். பின்பு நிறையப் பேர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்று கிடைத்ததே என்கிற சிரிப்பு. பெண்ணை முன்பக்கமாகவே நடத்திக் கொண்டுபோய் லாரியில் ஏற்றினார்கள். இருக்கையில் ஒரு வெள்ளைத் துணி விரித்தார்கள். ஃபுகுமா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. லாரி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு மேடேறியது. முக்காடு குதித்தது. ஹருயோ இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வாயில் வெறிச்சோடியது. நிஷிகோரி மட்டும் திரும்பி வந்து எங்கள்முன் ஆழமாகக் குனிந்தார்.

"எங்க வாசல் இப்படிச் சரிவா இருக்கப்போயி உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோம்" என்றார். பயறு கலந்த சிவப்புச் சோற்றுப் பொட்டலங்கள் இரண்டைக் கஜிதானியின் கையில் வைத்தார். வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வண்டியைப் பார்க்கவும் இல்லை. மாலைவரை காத்திருக்கத் தேவையில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. அவர் திட்டியிருந்தால் கஜிதானிக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

கல்லை எடுத்தோம். வண்டி பின்னால் உருண்டது. கியர் போட்டார். பத்து அடிகூட ஆகவில்லை, பட்டுப் போல ஓடத் தொடங்கியது.

திரும்பும் வழியில் அவர் எங்கும் அணைக்கவில்லை. கணவாயில் நான் சிறுநீர் கழிக்க இறங்கியபோதும், மலையடிவாரத்தில் என் பொட்டலத்துச் சோற்றைத் தின்றபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்துவிடலாமே என்று நான் சொல்லியும் அவர் காதில் விழவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்சுவே எல்லையில் பெட்ரோல் தீர்ந்தது. அந்த வருடம் தட்டுப்பாட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பங்க் எதுவும் திறப்பதில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏரிக்கரையோடு நடந்தோம். அவருடைய பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை.

மார்ச்சில் அவர் எத்தனையோ படி ஏறினார். குறைகளைச் சொல்லாமல்கூடப் பார்த்தார் என்று இஷிதொபி பிறகு சொன்னார். அப்போது அவருக்குப் பேசவே வரவில்லையாம்.

நான் ஹிரோஷிமாவுக்குத் திரும்பினேன். ஏப்ரலில் ஐந்தாவது மேடை எஞ்சினைப் பிரித்தார்கள். பெயின்ட் கொட்டகையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் அறையின் உள்சுவரை விரலால் தடவி, விரலைப் பார்த்துவிட்டு, மறுபடி தடவினார். சுவரில் என் முகம் தெரிந்தது.

கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். டீசல் லாரி பார்க்க ஒரு விவசாயி வந்திருக்கிறார் என்றார் எடுத்தவர். சற்று நேரம் கழித்துத்தான் கஜிதானி வந்தார்.

"தெறந்தாச்சு" என்றேன்.

"நகம்?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

 அவருக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அப்படியா" என்றார். "இங்க மழை. ஆள் காத்துக்கிட்டிருக்காரு."

வைத்துவிட்டார்.