அங்கை, உங்கை, இஞ்சை

என் கணவருக்கு ஆவணியில் நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆள் தப்பி வந்துவிட்டார். ஆனால் மனம் இன்னும் வந்து சேரவில்லை என்பது மாரி தொடங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. வழமையாக முதல் மழைக்கே மண்வெட்டியோடு நிற்கிற மனுசன், இந்தமுறை பின்விறாந்தைக் கதிரையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் சொன்னது இரண்டு விசயம். தேங்காய்ப்பாலையும் உப்பையும் குறைக்கவேண்டும், தினமும் நடக்கவேண்டும். இரண்டாலும் எங்கள் வீட்டில் சண்டை வந்தது.

சொதி இல்லாமல் எங்களுக்கு இடியப்பம் இறங்காது. பாலை முடிந்தவரை தண்ணியாக்கி, உள்ளியும் மிளகும் கூட்டி, தேசிக்காய் பிழிந்து ஒரு சொதி வைத்தேன். கோப்பையோடு போனதும் எட்டிப் பார்த்தார்.

"உது சொதியோ, அரிசி கழுவின தண்ணியோ?"

"ரெண்டுந்தான். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். குளிருக்குச் சூடான எதுவும் ருசிக்கும். அதற்காகவே அந்த மார்கழிக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

நடப்பதுதான் பெரும்பாடு. வேலையில்லாமல் ரோட்டில் நடக்க அவருக்கு வெட்கம். கடைசியில் கையில் ஒரு கடைப்பையை எடுத்துக்கொண்டார். பார்க்கிறவர்கள் சாமான் வாங்கப் போகிறார் என்று நினைக்கட்டுமாம். வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்பது எங்கள் ஊரில் சகுனப் பிழை. அதனால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்கள், "தூரமோ?" என்று விசாரிப்பார்கள். இவர் பையைக் காட்டி, "இல்லை, கிட்டத்தான்" என்பார். சந்திவரை போய் வெறும் பையோடு திரும்புவோம். இந்த நாடகத்துக்கு நானும் உடந்தை. காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு பனியில் அவர் எனக்கு முன்னால் நடக்கும்போது, பை வெறுமையாக இருந்தால் என்ன, ஆள் நடக்கிறாரே என்று மனம் நிறைந்துவிடும்.

ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்கு மட்டும் அவர் இறங்கவில்லை. எங்கே கத்தரி, எங்கே மிளகாய் என்று தை பிறக்க முன்னமே முடிவெடுக்கிறவர் அவர். பொறுக்கமாட்டாமல் நானே கேட்டேன்.

"இந்தமுறை என்ன போடுவம்?"

"அங்கை நீர் என்னத்தையாவது போடும்."

பேசுகிறவருக்குப் பக்கத்தில் என்றால் இஞ்சை, கேட்கிறவருக்குப் பக்கத்தில் என்றால் உங்கை, இரண்டு பேருக்கும் எட்டத்தில் என்றால் அங்கை. இதுதான் எங்கள் பேச்சு. விறாந்தைப் படியிறங்கினால் காலில் மண் படுகிற தோட்டம் அவருக்கு அங்கை ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிற ஆசையே விட்டுப்போய்விட்டதோ என்று பயந்துபோனேன். குசினிக்குள் போய் அழுதேன்.

அழுகை முடியக் கோபம் வந்தது. அடுத்தநாள் மழை விட்டதும் தடிகளைத் தூக்கிக்கொண்டு நானே இறங்கினேன். எனக்குச் சமைக்கத்தான் தெரியும், தோட்டம் தெரியாது. புடலம் பந்தலுக்கென்று ஒரு மூலையில் தடிகளை ஊன்றத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

"உங்கை ஊண்டாதையும். உங்கை தண்ணி நிக்கும்."

உங்கை என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. கேளாதமாதிரி அடுத்த தடியையும் ஊன்றினேன்.

"சொல்லுறன், நீர் கேக்கிறீரில்லை."

"எனக்கு விளங்கேல்லை. வந்து காட்டுங்கோ."

அவர் வரவில்லை. கதிரையை மட்டும் விறாந்தை விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவே போதும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, அவருக்காகப் பாலைக் குறைத்து ராசவள்ளிக் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தேன். அகப்பையை விட்டால் அடிப்பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பின்பக்கமிருந்து அவர் கூப்பிடுவது கேட்டது.

"இஞ்சாரும். இஞ்சை ஒருக்கா வாரும்."

நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஞ்சாரும் என்றால் நான், இஞ்சாருங்கோ என்றால் அவர். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார். நான் ஊன்றிய தடிகளெல்லாம் பிடுங்கப்பட்டு ஓரமாகக் கிடந்தன. ஒன்று மட்டும், கொஞ்சம் மேடான இடத்தில், அவர் காலடியில் நின்றது.

"பந்தலை மதில் பக்கம் போடுவம். இஞ்சை ஒரு மாங்கண்டு வைப்பம்."

குசினியிலிருந்து ராசவள்ளி அடிப்பிடித்த மணம் வந்தது. நான் அசையவில்லை.

"காய்க்கக் கனகாலம் செல்லுமே?"

"நாலைஞ்சு வருசம் செல்லும்" என்றார். "இருந்து பாப்பம்."