செல்லம்மாள் அத்தையின் முன்சக்கரங்கள்

தந்தியைப் படித்து மடித்துக்கொண்டேன். "நெருங்கிய உறவா?" என்று சேலத்தில் எங்கள் விடுதிக் காப்பாளர் கேட்டார். "அப்பாவின் தங்கை" என்று மட்டும் சொன்னேன். வீட்டில் ஒருவரும் சம்மதிக்காதபோது என்னைப் படிக்க அனுப்பியவர் என்று சொல்லவில்லை. மலையிலிருந்து வரும் கர்ப்பிணிகளுக்காக ஒரு பழைய காரை ஓட வைத்துக்கொண்டிருந்தவர் என்றும் சொல்லவில்லை. அன்று சொல்ல முடியாததை, அவரை அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

செல்லம்மாள் அத்தைக்குப் பேளுக்குறிச்சியில் நிலம் இருந்தது. மாமா இறந்த பிறகு அவருடைய கார் கொட்டகையில் நின்றது. விற்றுவிடச் சொன்ன கொழுந்தனாரிடம், "நானே இன்னும் நடமாடிட்டிருக்கறேன், அதுவும் ஓடட்டுமுங்க" என்றார் அத்தை. கொல்லிமலைக்கு வண்டிப் பாதை கிடையாது. பிரசவம் சிக்கலான பெண்களை டோலியில் சுமந்து இறக்குவார்கள். அடிவாரத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அத்தையின் கார் போகும்.

அத்தை கூலி வாங்க மாட்டார். மலைக்காரர்களோ சும்மா ஏற மாட்டார்கள். பலாப்பழம் கொண்டுவருவார்கள், மறுத்தால் மறுமுறை வரமாட்டார்கள். பின்னிருக்கையில் நோயாளி படுத்திருப்பதால் பழங்களை முன்பக்கத்து மட்கார்டின் மேல் கயிறு போட்டுக் கட்டுவார் டிரைவர் ரங்கண்ணன்.

"இது காருங்களா, பலா மரமுங்களா அம்மிணி?"

"காய்ச்ச மரம்னு நெனச்சு ஓட்டு ரங்கா."

அந்தப் பாரமும் மண் ரோடும் சேர்ந்து முன்பக்கத்தைத் தேய்த்துவிட்டன. முன்சக்கரங்களைச் சட்டத்தோடு பிணைத்து, மேடு பள்ளத்தில் ஏறி இறங்க விடும் இரும்புக் கைகளை ரங்கண்ணன் 'ஆர்ம்' என்பார். அவற்றில் ஆணி நுழையும் துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன. கார் ஓரத்துக்கு இழுத்தது. யுத்த காலம், புதிய ஆர்ம்கள் சென்னையிலிருந்து வந்து சேர மாதக்கணக்காயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், விடுமுறைக்கு நான் போயிருந்தபோது அவற்றை மாற்றினார்கள். மழைக்காலம் முடியட்டும் என்றார் ரங்கண்ணன். மழையில்தான் ரோடு மோசமாகும், இன்றே மாற்று என்றார் அத்தை. சக்கரங்களைக் கழற்றி, இடப்பக்கம் புதிய ஆர்மைப் பூட்டி முடித்தபோது டோலி வந்தது. அதில் மலைமேல் எடப்புளி நாட்டுச் சடையனின் மனைவி நல்லம்மா. முந்தின நாளே வலி கண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் போனால் விடிந்துவிடும்.

"வலப்பக்கத்துக்குப் பழசையே மாட்டிப் போயிரலாமுங்க" என்றார் ரங்கண்ணன். "புதுசுன்னா துளையை ராவோணும், அதுக்குள்ள புஷ் வளையத்தை அடிச்சு ஏத்தோணும். பொழுது சாஞ்சுருமுங்க."

அத்தை பழைய ஆர்மை எடுத்துத் துளைக்குள் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். இரும்பு ஓரிடத்தில் தாளாக மெலிந்திருந்தது.

"பாலத்துத் திருப்பத்துல இது உட்டுப்போச்சுன்னா?"

ரங்கண்ணன் டோலியைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசையே மாட்டு."

சடையன் அவர் முன்னால் வந்து நின்றார். "உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா இப்படிக் குந்த வெச்சுப் பாப்பீங்களா?"

அத்தை கோபப்படவில்லை. "எங்கூட்டுப் புள்ளையும் இதுலதான் வரப்போவுது சாமி" என்றவர் என் பக்கம் திரும்பி, "கண்ணு, துணி ரெண்டு எடுத்துட்டு வா. நீயும் ஏறு" என்றார். பிறகு டோலியின் அருகே தரையில் உட்கார்ந்து நல்லம்மாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். அரம் இரும்பை ராவும் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவர் கண்கள் ரங்கண்ணனிடம் போயின. அவசரப்படுத்தி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்லம்மா அவர் கையைக் கடித்தாள், அதையும் இழுத்துக்கொள்ளவில்லை.

வெயில் தணியும்போது புறப்பட்டோம். பாலத்துத் திருப்பத்தில் மழை அரித்த பள்ளத்தில் வலச்சக்கரம் முழுதும் இறங்கி ஏறியது. ரங்கண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். கார் நேராகப் போயிற்று.

நல்லம்மா பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் சடையன் கேட்டார்: "மின்னாடியே வந்திருந்தா உசுரோட பொறந்திருக்குமா?"

பழைய ஆர்ம் தேய்ந்திருந்ததை எடுத்துச் சொல்லியிருக்கலாம். டாக்டரைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அத்தை இரண்டையும் செய்யவில்லை.

"பொறந்திருக்கலாம் சாமி. எனக்குத் தெரியலே" என்றார்.

அதற்குப் பிறகு சடையன் அத்தையின் வாசலை மிதிக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும், "நல்லம்மா கஞ்சி குடிக்கறாளா, காட்டு வேலைக்குப் போறாளா?" என்று அத்தை கேட்பார். தான் செய்தது சரிதான் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தவறு என்றும் சொன்னதில்லை. எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். விடை தெரியாத ஒன்றை இவ்வளவு அமைதியாகச் சுமந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த ஆண்டு தை மாதத்தில் நல்லம்மாவுக்கு மறுபடியும் வலி கண்டது. சடையனே டோலியைச் சுமந்து வந்தார். கொட்டகைக்குள் போய்க் குனிந்து, முன்சக்கரங்களை ஒவ்வொன்றாக இரு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவை அசையவில்லை. எழுந்து வந்து, "ஏத்துங்கம்மா" என்றார். இதை ரங்கண்ணன்தான் எனக்குச் சொன்னார். அப்போது அத்தை முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாராம்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அத்தை சித்திரையில் விஷக் காய்ச்சலில் காலமானார். அவரை எடுத்துப்போன அன்று கொட்டகைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். காரின் மேல் யாரோ ஒரு செவ்வரளிச் சரத்தைப் போட்டிருந்தார்கள். அத்தை, உங்களை அந்தக் கொட்டகை வாசலிலிருந்தே வழியனுப்பினேன்.

காரியம் முடிந்த வாரமே கொழுந்தனார் காரை விற்றுவிட்டார். மலையிலிருந்து வருகிறவர்கள் இப்போது மாட்டு வண்டியில் போகிறார்கள்.