மேற்குக் காற்று மாதங்களின் விலை

முதுகலைப் பொருளாதார வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேருக்கு வயது இருபத்தைந்துக்குள். மீதி ஒருவர் வா ஓடே ஹர்சினா, வயது முப்பத்தாறு. சுலவேசித் தீவுக்குத் தென்கிழக்கே ஒரு தீவு மாவட்டத்திலிருந்து, அரசு வேலையில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு எங்கள் பல்கலைக்கழகம் இருந்த யோக்யகர்த்தாவுக்கு வந்திருந்தார். மாவட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அங்கே புள்ளிவிவர அலுவலகத்தில் பதினோரு வருடம் விலை சேகரித்தவர். செவ்வாய்க்கிழமைதோறும் சந்தைக்குப் போய் அரிசி, மிளகாய், மண்ணெண்ணெய் என்ன விலை என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவார். அவரைக் கண்டதுமே சந்தைப் பெண்கள், "வந்துட்டா பாரு, வாங்காம விலை மட்டும் கேக்கிறவ!" என்று கத்துவார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறை எங்களுக்கு. நான் அவருக்கு நுண்கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார். இந்த ஏற்பாட்டில் லாபம் எனக்குத்தான்.

இரண்டாம் பருவத்தில் நான் ஆய்வேட்டுத் தலைப்பை முடிவு செய்தேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேற்குக் காற்று அடிக்கும்போது சிறு தீவுகளுக்குப் படகு போகாது. சரக்கு போகாவிட்டால் விலை ஏற வேண்டும். ஆனால் ஹர்சினா அக்காவின் மாவட்டத்தில் மூன்று சின்னத் தீவுகளில் அந்த மாதங்களில் விலை அசையவே இல்லை. நான்கு வருடத் தரவிலும் அப்படித்தான். கடைக்காரரும் வாங்குபவரும் உறவுக்காரர்கள், அதனால் கஷ்டகாலத்தில் கடைக்காரர் விலையை ஏற்றுவதில்லை என்று நான் ஒரு விளக்கம் கட்டினேன். எங்கள் வழிகாட்டி பேராசிரியர் பிரியம்போதோவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோரும் பாக் பிரியம், அதாவது பிரியம் ஐயா, என்று கூப்பிடும் அவர், மாணவர்களை லேசில் பாராட்டுகிறவர் இல்லை. "வெனிங், இது நல்லா வந்தா நாம ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரையாப் போடலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓடிப்போய் ஹர்சினா அக்காவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்க் கடைக்காரங்களா? பாசத்துல விலை ஏத்த மாட்டாங்களா?" என்று பெரிதாகச் சிரித்தார். பிறகு, "எந்தத் தீவு?" என்று கேட்டார்.

பெயர்களைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. படிக்க உட்காருவார், பத்து நிமிடத்தில் எழுந்து வாசலுக்குப் போவார். வகுப்பில் வாரத்துக்கு ஒரு இடம் மாறினார். காலையில் துவைத்த துணியையே மாலையில் மறுபடி துவைத்தார். குழம்பில் உப்பு போட மறந்தார், அடுத்த நாள் இரண்டு முறை போட்டார். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஊர் ஞாபகம்" என்பார். வீட்டை நினைத்து ஏங்குகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். என் கண் முழுக்க என் அட்டவணைகளில் இருந்தது.

துறைக் கருத்தரங்கில் என் முடிவுகளை வாசிக்க மூன்று வாரம் இருந்தபோது, ஒரு மதிய வேளை, கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டில் சோயா டெம்பே வறுவல் தொடாமல் கிடந்தது.

"வெனிங், அந்த எண்ணெல்லாம் நான் எழுதினது."

"தெரியுமே, நீங்கதானே சேகரிச்சீங்க."

"சேகரிக்கல. எழுதினேன். படகு போகாது, நான் எப்படிப் போவேன்? படிவத்துல கட்டத்தக் காலியா விட்டா கணினி வாங்காது, சிவப்பாக் காட்டும். போன வாரத்து விலையையே போட்டுடுன்னு ஆபீஸ் தலைவர் சொன்னாரு. போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன்."

"எத்தன வாரம்?"

"காத்து நிக்கிற வரைக்கும். நாலு வருஷமும்."

"மூணு மாசமா என் தலைப்பு தெரிஞ்சும், பக்கத்து ரூம்லயே இருந்துட்டு, இத இப்ப வந்து சொல்றீங்களா?" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். தட்டை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்பது நாள் அவருடன் பேசவில்லை.

அந்த ஒன்பது நாளில் தரவைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அரிசி கிலோ 11,750 ரூப்பியா. ஒரே எண், பதினோரு வாரம், ஒரு ரூப்பியா கூட மாறாமல். உண்மையைச் சொல்கிறேன், நான் அதை முன்பே பார்த்திருந்தேன். எந்தச் சந்தையிலும் அப்படி இருக்காது என்று முதல் பருவத்து மாணவனுக்குக்கூடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அழகான விளக்கம் ஒன்று கையில் இருந்தது, விட மனம் வரவில்லை. அவர் செய்தது தப்பு என்றால் நான் செய்தது என்ன?

பத்தாம் நாள் அவர் அறைக் கதவைத் தட்டினேன். அப்போதுதான் மீதியைச் சொன்னார். அந்தத் தீவுகளில் ஒன்றில் அவர் தங்கை ரம்லா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு ஜனவரியில் தீவுக்கு அவசர அரிசி அனுப்பலாமா என்று மாவட்டத்தில் பேச்சு வந்தது. விலை நிலையாக இருக்கிறது, தேவையில்லை என்று முடிவானது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய விலை அறிக்கையின் அடியில் விலை சேகரித்தவர் என்று ஹர்சினா அக்காவின் கையெழுத்து இருந்தது. அந்த மாதம் முழுக்க ரம்லா வீட்டில் கசுவாமிதான், மரவள்ளியைத் துருவிக் கூம்பாக அவிப்பது, அது மட்டும்தான். குழந்தைக்கும் அதுதான்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இல்ல. போன்ல மீன் கிடைச்சுதா, காத்து எப்படின்னு பேசுவோம், அவ்வளவுதான்."

மறுநாள் இருவரும் பாக் பிரியத்தின் அறைக்குப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதே தரவ வச்சு நான் ஏற்கெனவே ஒரு கட்டுரை போட்டாச்சு" என்றார். பிறகு, "நீங்க சொல்லலன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்லையா?" என்றார். அது கேள்வியா, யோசனையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹர்சினா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தெரிஞ்சிருக்காது பாக். அடுத்த வருஷமும் அரிசி போயிருக்காது."

பாக் பிரியம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் தன் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அந்த இதழுக்கு எழுதினார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை, துறை அறிவிப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

என் ஆய்வேட்டிலிருந்து மூன்று தீவுகளும் போயின. பாசமும் போயிற்று. மிஞ்சியது, படகு போகாவிட்டால் விலை ஏறும் என்பதுதான். அதற்கு இரண்டு வருடப் படிப்பு தேவையில்லை. பி கிரேடு வாங்கினேன்.

ஹர்சினா அக்கா தன் அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போன வாரத்தைப் போடச் சொன்ன தலைவர் ஓய்வு பெற்றிருந்தார், தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்றார். அக்காவைப் பதவியில் ஒரு படி இறக்கினார்கள், படிப்பு விடுப்பை ஒரு பருவத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஊருக்குப் போனவர், நவம்பர் கடைசியில், ஓடிய கடைசிப் படகில் ஏறித் தங்கையின் தீவுக்குப் போய்விட்டார். காற்று முடியும்வரை திரும்பி வர வழியில்லை என்று தெரிந்தேதான் போனார்.

போன முதல் நாளே ரம்லாவிடம் சொல்லிவிட்டாராம்.

"அவ என்ன சொன்னா?" என்று அவர் படிப்புக்குத் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"மறுநாள் விடியறதுக்குள்ள எழுப்பி, துருவியக் கையில குடுத்தா. மூணு மாசம் மரவள்ளி துருவினேன்." கையைக் காட்டினார். விரல் முட்டிகளில் தழும்பு. "ஜனவரி கடைசியில ஒரு நாள், துருவிட்டு இருக்கும்போது, 'அக்கா, நீ ரொம்ப மெதுவாத் துருவுற'ன்னா. அதுக்கப்புறம்தான் பேச ஆரம்பிச்சா."

அந்த மூன்று மாதமும் செவ்வாய்தோறும் தீவின் ஐந்து கடைகளுக்கும் போய் விலை கேட்டு எழுதினார். அரிசி டிசம்பரில் பதினாலாயிரம், ஜனவரி நடுவில் பத்தொன்பதாயிரம். அதற்குப் பிறகு நான்கு வாரம் எந்த விலையும் இல்லை, ஏனென்றால் அரிசியே இல்லை. அந்த நான்கு வாரத்தைப் பற்றித்தான் அவர் ஆய்வேடு. பொருள் தீர்ந்துபோன இடத்தில் விலை என்று எதை எழுதுவது, எதையோ எழுதினால் யார் பட்டினி கிடப்பார்கள் என்பது. வாய்மொழித் தேர்வில் ஒன்றரை மணி நேரம் நின்றபடியே பதில் சொன்னார். உட்காருங்கள் என்று தேர்வாளர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

இப்போது அதே அலுவலகத்தில், ஒரு படி கீழேயே, வேலை பார்க்கிறார். முனைவர் பட்டத்துக்கு வரச்சொல்லி பாக் பிரியம் கூப்பிட்டார். விண்ணப்பித்தார், திரும்ப வாங்கினார், மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். "அங்க இருந்தா இங்க இருக்கணும்போல இருக்கு, இங்க இருந்தா அங்க" என்கிறார்.

போன நவம்பரில் அந்த மூன்று தீவுகளுக்கும் காற்று தொடங்கும் முன்பே அரசு அரிசி போய்ச் சேர்ந்தது. அவருடைய ஆய்வேட்டால்தானா என்று எனக்குத் தெரியாது. தேர்தல் வருடம் வேறு. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நிரூபிக்க எவ்வளவு வேண்டும் என்பதைத்தான் எங்களுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவு என்னிடம் இல்லை. அக்காவால் வந்த அரிசியா என்று ரம்லாவைப் போனில் கேட்டேன். "யாரால வந்த அரிசியோ, சாதம் குழையாம வருது" என்றாள்.