போர்டு தெரியும்படி நிறுத்து

நான் ஜீப் ஓட்டிய தொண்டு நிறுவனத்துக்குத் தலைமை என்று ஒரே ஒரு குடும்பம்தான் இருந்தது. கணவர் இயக்குநர், மனைவி செயலாளர், மனைவியின் தம்பி பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தால் அன்று நிர்வாகக் குழு கூடுகிறது என்று அர்த்தம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மூவரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் தொண்டு செய்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

எதற்கு நிதி வருகிறதோ அதில் எங்கள் இயக்குநர் சார் நிபுணர். தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆடு வளர்ப்பில் நிபுணர். பிறகு எய்ட்ஸ் ஒழிப்பு. ஜீப்பின் இரு பக்கமும் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிய வருஷம் சாணார்பட்டி ரோட்டில் ஒருத்தன்கூட என்னிடம் லிஃப்ட் கேட்கவில்லை. அந்த வண்டியை மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினேன் என்று என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதை அழித்துவிட்டு ‘போரால் பாதிக்கப்பட்டோர் மனநல மறுவாழ்வுத் திட்டம்’ என்று எழுதினார்கள். சாருக்கு மனநலம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பெங்களூரில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். அதில் ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டினார்களாம்.

திரும்பி வந்ததும் அலுவலகச் சுவரில் ‘காது கொடுத்துக் கேட்பதே முதல் மருந்து’ என்று எழுதி மாட்டினார். அடேயப்பா! எதிரில் நிற்பவனை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல விட்டதில்லை அந்த மனுஷன்.

உண்மையில் காது கொடுத்துக் கேட்டது எங்கள் களப்பணியாளர் பெண் ஒருத்தி. சின்னாளப்பட்டிக்காரி. வாரம் ஒருமுறை அவளை இலங்கை அகதிகள் முகாமுக்குக் கூட்டிப்போவேன். அங்கே மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். புருஷனைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் திரும்பி வரவில்லை. முகாமுக்கு வந்த பிறகும் அந்த அக்கா தூக்கத்தில் எழுந்து அலறுவாராம். களப்பணிப் பெண் வாராவாரம் போய் உட்கார்ந்து, அவர் அழுதால் அழவிட்டு, பேசினால் கேட்டாள். அவ்வளவுதான் செய்தாள். மூன்று வருஷத்தில் அக்கா நன்றாகத் தூங்கினார், தையல் மெஷின் மிதித்தார், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்.

ஒருநாள் அக்கா ஜீப்புக்கு அருகில் வந்தார்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ. வண்டியை எங்கட வாசலுக்குக் கொண்டு வராதேங்கோ. இஞ்ச பிள்ளையள் இதை விசர் வண்டி எண்டு சொல்லுதுகள். மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வருது. மாப்பிள்ளை வீட்டார் கண்டால் என்ன நினைப்பினம்?”

விசர் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியம். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். களப்பணிப் பெண் நடந்து போய்வந்தாள். சாருக்கு இது தெரிந்ததும் குதித்தார். “போர்டு தெரியும்படி நிறுத்துய்யா! போர்டு தெரியலன்னா நாம போனோம்னு எவன் நம்புவான்?”

சம்பந்தம் கைகூடி, வேறொரு மாவட்டத்து முகாமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு வரும் நாளையும் அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். பார்த்தால், நிதி கொடுக்கும் டெல்லி அலுவலகத்து அம்மாள் திட்டத்தைப் பார்க்க வந்ததும் அதே நாளில்தான். வண்டியில் ஏறுமுன் சாரிடம் தனியாகச் சொன்னேன்.

“சார், இன்னைக்கு அந்தக்கா வீட்ல நிச்சயம். வேற வீட்டுக்குப் போவோம் சார். நம்ம வண்டி போனா…”

“நிச்சயமா! அட, அம்புட்டும் கூடி வருதுய்யா! அழுதுகிட்டிருந்த வீட்ல கல்யாணம். இதவிட என்னய்யா வேணும் போட்டோவுக்கு? ஓட்டு, ஓட்டு.”

ஓட்டினேன். டீசல் குழாயைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் வண்டி வழியிலேயே நின்றிருக்கும். பொருளாளரான அவர் மச்சானுக்குக் காய்கறி ஏற்றப் போகச் சொன்ன நாட்களில் எத்தனை தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன்! அன்றைக்கு டெல்லி அம்மாள் வண்டியில் இருக்கிறாரே, வேலை போய்விடுமே என்று பயந்துவிட்டேன்.

வாசலில் சின்னப் பந்தல். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டிய இடத்தில், பந்தலுக்கு நேர் எதிரே, நிறுத்தினேன். அந்தப் பெரியவர் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு சாரிடம், “இது என்ன வண்டி ஐயா?” என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். டெல்லி அம்மாளுக்கும் கேட்கட்டும் என்று சார் சத்தமாக ஆரம்பித்தார். “இந்த அம்மா எங்க பயனாளிங்க. மூணு வருஷமா எங்க சிகிச்சைலதான் இருக்காங்க. வந்த புதுசுல ராத்திரி பூரா கத்துவாங்க. இப்பப் பாருங்க, எப்பிடி இருக்காங்க!”

தட்டோடு வெளியே வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. தன் மனைவியைப் பார்த்து, “தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும்தானே” என்று மெதுவாகச் சொன்னார். செத்த நேரத்தில் கொண்டுவந்த தட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். டீகூடக் குடிக்கவில்லை.

திரும்பும் வழியில் சார் கேட்ட ஒரே கேள்வி, “போட்டோ விழுந்துச்சா?” விழுந்திருந்தது. நல்ல சேலையில் தாய், தலை நிறையப் பூவோடு மகள். அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் அதைப் போட்டு, அடியில் ‘நம்பிக்கை’ என்று அச்சடித்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்! உள்ளே பதினாறாம் பக்கத்தில், அந்தப் பயனாளிக்கு மீண்டும் உறக்கமின்மை ஏற்பட்டுள்ளதால் திட்டத்தை நீட்டிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். திட்டமும் நீட்டிக்கப்பட்டது.

நிச்சயம் நின்றுபோன அடுத்த வாரம் களப்பணிப் பெண் போய்த் தட்டியபோது அக்கா கதவைத் திறக்கவில்லை. அவள் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பி வந்து அழுதாள். நான் போய்த் தட்டினேன். திறந்தார். கண்கள் சிவந்து குழிவிழுந்து கிடந்தன.

“அக்கா, சார் அப்பிடிப் பேசுவார்னு…”

“அந்த ஐயாவை நான் குறை சொல்லேல்லைத் தம்பி. அவருக்கு ஒண்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே? நான் உங்களுக்குச் சொன்னனான்தானே?”

கதவைச் சாத்திக்கொண்டார். நான் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதே வண்டியை ஓட்டிச் சம்பளம் வாங்கினேன்.