இரவல் போன அன்னம்

பந்தல்குடியில் தங்கச்செல்விக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால், குற்றம் ஜாதகத்தில் இல்லை. பாசிமணியில் கோத்த ஒரு சோடி அன்னத்தால் வந்த வினை அது. அடுத்த வீட்டுக்காரி நான், கூடவே இருந்து பார்த்தவள். சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பத்தாறில் எங்கள் ஊரில் ஷோகேஸ் இல்லாத வீட்டுக்கு மதிப்பில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்கும் முன்பே அந்தக் கண்ணாடி அலமாரியைத்தான் பார்ப்பார்கள். ஒயர்க் கிளி, நைலான் பூ, பாசி பொம்மை என்று உள்ளே நிறைந்திருக்க வேண்டும். "எல்லாம் எங்க பொண்ணு கைவேலை" என்று தாய்க்காரி வாய் நிறையச் சொல்ல வேண்டும்.

செல்வி தாயில்லாப் பிள்ளை. அப்பா பால்ச்சாமி தூத்துக்குடி ரோட்டில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். பொங்கலோ வளைகாப்போ, தெருவில் எந்த வீட்டுக்கும் அவள் செய்த ஏதாவது ஒன்று பரிசாகப் போய்விடும். அன்னங்களை மட்டும் தன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தாள். வெள்ளை உடம்பு, சிவப்பு மூக்கு, அப்படி ஒரு அழகு!

ஒருநாள் எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் வந்தாள். "செல்வி, எம் மகளைப் பொண்ணு பாக்க வாராக. அந்த அன்னத்தை இரவலாக் குடு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கொடுத்தாள். முதலில் வந்த அருப்புக்கோட்டைப் பலசரக்குக் கடைக்காரர்கள் ஜாதகம் சேரவில்லை என்று போய்விட்டார்கள். அடுத்து வந்த நரிக்குடிக்காரர்கள் அன்னத்தைப் பார்த்து மயங்கி நிச்சயம் செய்தார்கள். அன்னங்கள் திரும்பி வந்தன.

தை மாதம் அந்த அருப்புக்கோட்டைக்காரர்களே செல்வியைப் பார்க்க வந்தார்கள். பையன் சங்கரபாண்டியனைச் செல்விக்குப் பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. அவன் அம்மா ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள்.

"இதே அன்னத்தை எதுத்த வீட்லயும் பாத்தோமே. அந்தப் பிள்ளை பண்ணுனதுன்னுல்ல சொன்னாக?"

"நான் பண்ணுனது" என்றாள் செல்வி. பெண் வாய் திறந்ததே அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

பஜ்ஜி போட ஒத்தாசைக்கு வந்திருந்த முத்துமாரியம்மாள் அடுப்படி வாசலில் நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் நரிக்குடிச் சம்பந்தம் என்னாகும் என்ற பயம் அவளுக்கு.

"எம் மக பண்ணுனதுதான். இவ ஆசையாக் கேட்டா, இரவல் குடுத்தேன்."

அடிப்பாவி! நான் பாய்ந்தேன். "மனசறிஞ்சு பேசுங்க மதினி! செல்வி கோத்ததை நான் கண்ணால பாத்தவ!"

பக்கத்து வீட்டுக்காரி பரிந்து பேசத்தானே செய்வாள் என்று நினைத்தார்கள். "பொய்யில ஆரம்பிக்கிற சம்பந்தம் எங்களுக்கு வேணாம்" என்று பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். பால்ச்சாமி ரோடு வரைக்கும் பின்னாலேயே போய்க் கெஞ்சிவிட்டு வந்தார்.

மாசியில் முத்துமாரியம்மாள் மறுபடியும் வந்து நின்றாள், வெட்கங்கெட்டவள். "நரிக்குடியில எம் மகளோட நாத்தனாக்காரி, 'ஒங்க கையால எனக்கும் ஒரு சோடி வேணும் அண்ணி'ன்னு கேக்குறாளாம். நீதான் தாயி மானத்தைக் காப்பாத்தணும்."

செல்வி ஷோகேஸைத் திறந்தாள். அன்னங்களை எடுத்து, பாசி கோத்த நைலான் நரம்பைக் கத்தரியால் வெட்டினாள். பாசியெல்லாம் தட்டில் உதிர்ந்தது. அள்ளி ஒரு மஞ்சப்பையில் போட்டு நீட்டினாள்.

"ஒங்க மக பண்ணுனதுதான அத்தை? கோத்துக்கிடச் சொல்லுங்க."

அன்றைக்கு என் மனசு குளிர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு செல்வியை விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் எதிர்வீட்டில் ஒரே பதில்தான் கிடைத்தது. "நல்ல பிள்ளைதான். திமிருதான் கொஞ்சம் சாஸ்தி." பத்து வருசம் ஓடிவிட்டது. அந்த ஷோகேஸில் இப்போது பால்ச்சாமியின் பஞ்சர் பசை டப்பாக்கள் இருக்கின்றன.