சபைக்காக நிறுத்திய மாத்திரை

கர்த்தரை நம்புகிற உங்கள் எல்லாருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். எடுத்தவுடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி பொய். அந்தப் பொய்யால் என் ஒரே மகள் சாகக் கிடந்தாள். ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் மகள் ஷைனிக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. பாலக்காட்டில் ஒரு டாக்டர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். வருஷக்கணக்கில் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். கடைசி மூன்று வருஷம் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது அவளுக்கு வயது பத்தொன்பது, சித்தூரில் காலேஜுக்குப் போகிறாள். என் வீட்டுக்காரர் இளநீர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். வீட்டில் நானும் அவளும்தான் இருப்போம்.

சபையில் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் ஜெபக்குழுவுக்கு நான்தான் தலைவி. ஜெபிக்க எழுந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து உட்கார மாட்டேன். யார் ஆராதனைக்குத் தாமதமாக வந்தார்கள், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னைக் கண்டால் பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்து தலையில் போட்டுக்கொள்வார்கள். அதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ரோசி இருக்கிறாள். புருஷன் இல்லாதவள். எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்குத் தோப்பு கள் இறக்குவார்கள். அவள் ஒரு கள்ளுக்கடைச் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்து மீன் குழம்பு வைக்கிற வேலை பார்க்கிறாள். சபைக்கு வந்தால் கடைசி வரிசையில் வாசலை ஒட்டி உட்காருவாள். போன வருஷக் கூட்டத்துக்குச் சபையில் சமையல் நடந்தபோது வெங்காயம் உரிக்க வந்தாள். கள்ளுக்கடையில் புழங்குகிற கை சபைச் சாப்பாட்டில் படக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொல்லி நான்தான் அவளை எழுப்பி அனுப்பினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அவள் தெருவில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கிறார். சொந்தமும் இல்லை, நம் மார்க்கமும் இல்லை. தினமும் அவர் உடம்பைத் துடைத்துக் கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் ரோசி வேலைக்குப் போவாள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

போன ஆனி மாதம் எங்கள் குழு இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் இருந்தது. கடைசி நாள் வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் வந்து பிரசங்கித்தார். முடிக்கும்போது, இந்த நாட்களில் சுகம் பெற்றவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. உபவாசத்தை முன்னால் நின்று நடத்தியவள் நான். எல்லார் கண்ணும் என் முதுகில் இருப்பதாகத் தோன்றியது. எழுந்தேன். என் மகளுக்கு மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை, கர்த்தர் சுகமாக்கினார் என்றேன். அதுவரைக்கும் சொன்னது பொய் இல்லை. அந்த ஊழியர் விடவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மைக்கிலேயே கேட்டார்.

"நிறுத்தியாச்சுங்க," என்றேன்.

ஒரே கைதட்டல். ஷைனி நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்கூட அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்று வரைக்கும் மறக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்கள் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரைக் கேட்டுத்தானே நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் துணைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆண்டவருக்குப் பயந்தேன். சபையில் பொய் சொல்லிவிட்டேனே என்று மனது அடித்துக்கொண்டது. திரும்பப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. சொன்ன பொய்யை நிஜமாக்கிவிட்டால் பாவம் தீர்ந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி வேளையிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன்.

திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று ஷைனி இரண்டு தடவை கேட்டாள். உனக்கு விசுவாசம் இல்லையா என்று வாயை அடைத்தேன். வீட்டுக்காரர் போனில் மாத்திரை பற்றிக் கேட்டபோது, கொடுக்கிறேன் என்றேன். சபைக்கு ஒரு பேச்சு, புருஷனுக்கு ஒரு பேச்சு. நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவள் கையிலிருந்து டம்ளர் நழுவினால்கூட அடுப்பை விட்டு ஓடி வருவேன். அவள் குளிக்கப் போனால் கதவருகில் போய் நின்றுகொள்வேன். விசுவாசம் உள்ளவள் செய்கிற வேலையா அது?

பதினோராவது நாள் சனிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபம். ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஷைனி பின்னால் சாய்ந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. எல்லாரும் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றது. வண்டி கூப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் சாகும்வரை அழ வேண்டும். ஆசுபத்திரிக்குப் போனால் என் சாட்சி என்னாவது என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. பெற்ற பிள்ளை தரையில் கிடக்கிறாள், தாய்க்காரி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். பிசாசு சோதிக்கிறான், விடாமல் ஜெபியுங்கள் என்று அவர்களிடம் சொன்னேன். அவள் கண்ணைத் திறப்பதற்குள் இரண்டாவது தடவை இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. ஒருத்தி எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்தாள். பிசாசைத் துரத்துகிற ஜெபமும் நடக்கிறது, எதுக்கும் இருக்கட்டும் என்று இரும்பும் கையில் இருக்கிறது. எங்கள் விசுவாசம் அந்த லட்சணத்தில் இருந்தது.

சத்தம் கேட்டு ரோசி உள்ளே வந்தாள். கடையிலிருந்து திரும்புகிற வழி. மேலெல்லாம் மீன் குழம்பு வாசம். யாரையும் கேட்கவில்லை. சாவியைப் பிடுங்கித் தூரப் போட்டாள். ஷைனியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் முந்தானையால் வாயைத் துடைத்தாள். ரோசியின் தம்பிக்கும் இந்த நோய் இருந்திருக்கிறது, அது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

"எத்தன நேரமா இழுக்குதுங்கக்கா?"

நான் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னும் ஊட்டுக்குள்ள வெச்சிருந்தா புள்ள போயிருமுங்க. எந்திரிங்க," என்றாள்.

வாசலுக்கு ஓடிப் போய், கள் கொண்டு போய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி வந்த பிக்கப் வண்டியை நடு ரோட்டில் நின்று மறித்தாள். அந்த வண்டிகள் எங்கள் சபை வழியாகப் போகக் கூடாது என்று பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. டிரைவர் அதைத் தெரிந்துகொண்டே இறங்கி வந்து என் மகளைத் தூக்கினார். பின்னால் காலிக் கேன்களைத் தள்ளிவிட்டு, புளித்த வாசத்துக்கு நடுவில் அவளைப் படுக்க வைத்தோம். ஏறியது ரோசியும் நானும்தான். மற்றவர்கள் நாங்கள் பின்னால் வருகிறோம் என்றார்கள்.

சித்தூருக்குப் போகிற வழியில் மூன்றாவது தடவை இழுத்தது. ரோசி அவள் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஜெபிக்கிற எனக்கு அன்று ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. ஆண்டவரே, அவளை எடுத்துக்கொள்ளாதீர், என்னிடமிருந்து என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

ஆசுபத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள். நின்ற மாதிரி இருந்து மறுபடியும் ஆரம்பித்தது. டாக்டரம்மா சின்ன வயது. மலையாளமும் தமிழும் கலந்து வேகவேகமாகக் கேட்டார். என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக, நடுவில் விட்டுப் போனதா? நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் பாஸ்டரும் எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். நிறுத்தினேன் என்றால், யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று டாக்டரம்மா அவர்கள் முன்னாலேயே கேட்பார்.

"ஒழுங்காத்தானுங்க குடுக்கறேன்," என்று அவர்கள் காதில் விழாமல் சொன்னேன்.

ஆமாம். அங்கேயும் பொய் சொன்னேன். என் மகள் உயிர் ஊசலாடுகிற இடத்தில் நின்று டாக்டரிடம் பொய் சொன்னேன்.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. மாத்திரை சாப்பிட்டும் இப்படி நிற்காமல் வருகிறதென்றால் மூளைக்காய்ச்சலோ வேறு ஏதோ இருக்கலாம், திருச்சூருக்குக் கொண்டு போக வேண்டியிருக்கும், வழியில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றார். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனார். ஷைனியின் கால் கட்டிலில் இடிக்கிற சத்தம் வெளியே வரை கேட்டது.

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். ரோசி ஷைனியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். அவள் மெல்ல ஜெபித்தது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"ஆண்டவரே, அந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியோணுமோ அதத் தெரியப்படுத்துங்க."

அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. உபவாசக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அதனால் மாத்திரை நின்றது தெரியாது, நான் உள்ளே என்ன சொன்னேன் என்பதும் தெரியாது. ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டாக்டரைக் கேட்டு எப்போதோ நிறுத்தியது என்று மற்றவர்கள் நம்பியிருந்தார்கள், பதினோரு நாளாகத்தான் நின்றது என்பது அந்த இடத்தில் என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்து வர முடியாது, என் வாயிலிருந்துதான் வர வேண்டும். வண்டியில் வரும்போது என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேனே. அவர் என் கையையோ காலையோ கேட்கவில்லை. என் பெயரைக் கேட்டார். கொடுக்க மனம் வராமல் அங்கேயும் நின்றேன், ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷமும் உள்ளே கட்டில் இடித்துக்கொண்டே இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"நாந்தானுங்க நிறுத்துனேன். பதினோரு நாளா ஒரு மாத்திரகூடக் குடுக்கலீங்க. சபைல பொய் சொல்லிட்டேனுங்க," என்று கத்தினேன். வாசலில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரையின் பெயரை மட்டும் கேட்டார். சொன்னேன். அதே மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆம்புலன்ஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். நான் தரையில் உட்கார்ந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அப்புறம் நின்றது. மறுபடி வருமோ என்று காத்திருந்தோம். வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஷைனி கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டும் என்றாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

மறுநாள் தெளிந்து உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சபைல சொன்ன பேச்சுப் போயிருமேன்னு நாஞ் செத்தாலும் பரவால்லன்னு இருந்தீங்களாம்மா?"

அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. முழுதாக மன்னித்துவிட்டாள் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார், என்னோடு நாலு நாள் பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்தேன். இப்போது உங்களுக்கு எழுதியிருப்பதை அப்படியே சொன்னேன். ரோசியை எழுப்பி அனுப்பியதையும் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் கை தட்டவில்லை. குழுவில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். பாஸ்டர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, டாக்டரிடம் நானே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் மெல்ல எழுந்தார். எலப்புள்ளியிலிருந்து பஸ் பிடித்து வருகிற விசுவாசி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காலில் துணிக்கட்டுப் போட்டிருந்தார். நடக்கும்போது தாங்கித் தாங்கி நடப்பதை நான் முன்பே பார்த்திருந்தேன், ஏன் என்று கேட்டதில்லை.

"அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டுத்தானுங்க நானும் சக்கர மாத்தரய நிறுத்துனேன். இனி போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் என்மேல் கோபப்படவில்லை. அவருக்கு என் பேரில் அத்தனை நம்பிக்கை.

இப்போது ஷைனி நன்றாக இருக்கிறாள். காலையும் ராத்திரியும் அவளுக்கு மாத்திரையைக் கொடுத்து, அவள் தலையில் கை வைத்து ஜெபிக்கிறேன். இரண்டு நிமிஷம்தான். டாக்டரைக் கொடுத்ததும் கர்த்தர், மருந்தைக் கொடுத்ததும் கர்த்தர், மீன் குழம்பு வாசத்தோடு என் வீட்டுக்குள் வந்ததும் அவர் அனுப்பிய ஆள்தான். குழுத் தலைமையை விட்டுவிட்டேன். ரோசி வேலைக்குப் போன பிறகு அந்தப் பெரியவருக்கு மத்தியானக் கஞ்சியை நான் கொண்டு போகிறேன். முதல் வாரம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது வாங்கிக் குடிக்கிறார்.

நான் ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? உபவாசக் கூட்டத்தில் நான் பேசியதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் பார்த்திருக்கிறார்கள். இடுக்கியில் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டு, உங்கள் விசுவாசத்தைப் பார்த்து நானும் தைரியம் கொண்டேன் என்றாள். என்ன செய்தாய் என்று நான் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை.

சகோதரி, இது உன் கைக்கு வந்தால், நான் சொன்னது பொய். உன் பிள்ளைக்கு நிறுத்தினதை இப்போதே டாக்டரிடம் சொல்லு. நான் நம்பின ஆண்டவர் உண்மையைச் சொன்னதற்காக என்னைக் கைவிடவில்லை, உன்னையும் கைவிட மாட்டார். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு. ஓடிக்கொண்டே ஜெபி.