பூத்த துணியும் வயிற்றுக் குழாயும்

சாரல் விடாத நாளில் அவித்த துணிக்கு ஒரு வாடை வரும்... புளித்த கஞ்சி மாதிரி. அந்த வாடை வந்தால் இப்போதும் துணியை விரித்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

நம்ம ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தின வருஷம். நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது.

கீரிப்பாறை மலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற செல்லையாவை விரியன் கடித்துவிட்டதென்று கொண்டுவந்தார்கள். விஷம் இறங்கியது, ஆனால் மூத்திரம் நின்றுவிட்டது. கிட்னி திரும்ப வேலை செய்யும்வரை ஆளை எப்படியாவது உயிரோடு தாக்காட்ட வேண்டும். டாக்டர் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, வயிற்றில் ஒரு குழாய் வைத்து, உப்புநீரை விட்டு, ரத்தத்து அழுக்கோடு திரும்ப வடித்தார். எங்களுக்கெல்லாம் அதுதான் முதல் தடவை.

குழாயைச் சுற்றிக் கட்டும் துணியை அவித்து உலர்த்துவது என் வேலை. அந்த மழையில் எது உலரும்? ஒருநாள் பார்த்தால் துணியில் கறுப்புப் புள்ளிகள். பூசணம்!

செல்லையாவின் மனைவி பொன்னம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா பயப்படுதிய சிஸ்டரே? எங்க ரப்பர் ஷீட்டும் மழைக்கு இப்பிடித்தான் பூக்கும். தொடச்சா போவும்."

வேறு துணியும் இல்லை. புள்ளி இருந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அப்படியே கட்டிவிட்டேன். மடச்சி!

இரண்டு நாளில் வடிந்த நீர் கலங்கியது. காய்ச்சல். பெனிசிலினுக்கும் அசையவில்லை.

"குழாய் இருக்கட்டு, நாளைக்கும் ஊசி போட்டுப் பாப்பம்" என்றார் டாக்டர்.

துணி பூத்திருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும்... சொல்லாவிட்டால் அந்த மனுஷன் போய்விடுவார்.

சொல்லிவிட்டேன். பொன்னம்மா பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நூல் நூலாகப் பூசணம். எங்களிடம் அதற்கு மருந்தே கிடையாது. குழாய் இருக்கும்வரை அது போகாது என்று அப்போதே அதை உருவினார்.

"ஏன் சிஸ்டரே எடுத்திட்டாவ?"

"அதுக்க வேல முடிஞ்சுது பொன்னம்மா" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அழுக்கை வடிக்க இனி வழியில்லை; மூன்று நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான்காம் நாள் மத்தியானம் வார்டிலிருந்து ஒரே கத்தல்.

"சிஸ்டரே, ஓடி வாருங்க! மூத்திரம் போயிருக்காவ!"

அரை டம்ளர்கூட இருக்காது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

இப்போது என் தங்கை மகன் வீட்டிலேயே வயிற்றுக் குழாயில் டயாலிசிஸ் செய்கிறான். எல்லாம் சீல் வைத்த பை. பூசணத்துக்கு மருந்தும் இருக்கிறது... ஆனாலும் அது வந்துவிட்டால் குழாயை எடுக்கத்தான் வேண்டுமாம். நல்லதோ கெட்டதோ, டாக்டர் வீட்டாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

பொன்னம்மாவுக்கு அந்தத் துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவள் சாகும்வரை வருஷா வருஷம் பலாப்பழத்தோடு வருவாள். தெருவில் போகிறவர்களையும் நிறுத்தி, "எங்க ஆளக் காப்பாத்துன சிஸ்டரு இவியதான்" என்பாள்.

நான் பழத்தை வாங்கிக்கொண்டு, மலையில் மழை உண்டா என்று கேட்பேன்.